அத்தையின் கீபோர்டில் நான் அமுக்கிய பட்டன்

சென்ற வாரம் ஒரு பத்திரிகை என் அத்தையைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தது. ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், பன்முகத் திறமையாளர் என்று தொடங்கி, கோயில் பாட்டு, சினிமாப் பின்னணி இசை, நாட்டிய நாடகம், வயலின் குழுவுக்கு எழுதியது என ஒன்றையும் விடவில்லை. படம்கூட நன்றாகவே வந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி. வெளிநாட்டில் தங்கிப் படித்தபோது அத்தைக்கு இந்த ஜாஸ் இசை பிடிபட்டதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை வெளிநாட்டுக்குப் போனதே கச்சேரி வாசிக்கத்தான், அதுவும் தலையில் நாலு நரை விழுந்த பிறகு. அங்கே யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இசை அவளுக்குப் பிடிபட்டது தியாகராய நகரில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஐஸ்கிரீம் கொடுக்கிற மேஜைக்கு நேர் எதிரே. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லப்போனால் அதற்குக் காரணமே நான்தான். அதற்காக என் பெயரைப் போடச் சொல்லவில்லை. தி. நகர் என்றாவது போட்டிருக்கலாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா நர்ஸ். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். ஞாயிறு காலைப் பூசையில் வாசிப்பாள், வாரநாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள், சனிக்கிழமை சாயங்காலங்களில் ரிசப்ஷன்களில் வாசிப்பாள். இத்தனையும் செய்துவிட்டுத் தெருவில் இறங்கினால், "உனக்கு இன்னும் வேலை எதுவும் அமையலையாம்மா?" என்று கேட்பார்கள். அத்தை சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் கேட்டவர்களின் காலில் செருப்போடு ஏறி மிதிக்க வேண்டும்போல இருக்கும்.

பட்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அத்தையின் கீபோர்டில் இடது ஓரத்தில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு சின்னப் பட்டன்கள் உண்டு. சுருதியை ஏற்றவும் இறக்கவும். பாடுகிறவருக்குக் குரல் எட்டவில்லையென்றால் மைனஸை அமுக்கினால் போதும், வாசிக்கிறவர் விரலை இடம் மாற்ற வேண்டாம். வழக்கமான கட்டைகளிலேயே வாசித்துக்கொண்டிருக்கலாம், சத்தம் மட்டும் இறங்கி வரும். ஊரில் பாதிப் பேர் இதை நம்பித்தான் வாசித்தார்கள், அத்தையும்தான். எங்கள் பாடகர் குழுவில் இருந்த ஆன்ட்டிகளுக்கு எந்தப் பாட்டிலும் உச்சி எட்டாது. அதனால் பூசையில் அத்தை தன் இடது பக்கம் என்னை உட்கார வைத்திருப்பாள். முழங்கையால் ஒரு இடி இடித்தால் நான் மைனஸை ஒரு முறை அமுக்க வேண்டும், இரண்டு இடி என்றால் இரண்டு முறை. கோயிலில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் புதுநன்மைக்கு, அதாவது கோயிலில் நான் முதல்முறை நற்கருணை வாங்கிய நாளுக்கு, அத்தை ஒரு மெட்டுப் போட்டிருந்தாள். வார்த்தை கிடையாது, வெறும் வாசிப்பு. வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாக, கையில் மெழுகுவத்தியோடு நான் பீடத்துக்கு நடந்துபோனபோது அதைத்தான் வாசித்தாள். கவுன் மறு வருஷமே சின்னதாகிவிட்டது. மெட்டு என்னுடையதாகவே இருந்தது, அல்லது நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிசப்ஷன் குழுவை நடத்தியவர் அசோக் நகர்க்காரர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அவருக்கு ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஆள் தெரியும். அத்தையை அங்கே கூட்டிப்போய் வாசிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தை ஒன்றரை வருஷமாக அவர் கூப்பிட்ட மண்டபத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தாள். தை மாதம் முடிந்ததும் என்பார், பிறகு ஈஸ்டர் முடியட்டும் என்பார். தி. நகர் ரிசப்ஷன் நடந்த சனிக்கிழமை காலையில் போனில், திங்கட்கிழமை கட்டாயம் போகிறோம் என்று சொல்லியிருந்தார். அத்தை அன்று காலையில் மூன்று புடவையை எடுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்கு எதைக் கட்டுவது என்று என்னிடம் கேட்டாள்.

அப்பாவும் அம்மாவும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் அத்தை ரிசப்ஷனுக்கு அழைத்துப் போனாள். பூசையில் உட்காருவதைப் போலவே இடது பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பாடு வரும்வரை அசையக் கூடாது என்று உத்தரவு.

விருந்தாளிகள் வருவதற்குமுன் மைக் சரிபார்த்தார்கள். அத்தை தன் கீபோர்டின் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கைபோன போக்கில் என் மெட்டை வாசித்தாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"இது இன்னாமா, ஷோக்கா கீதே. மாப்ள பொண்ணு வரசொல்ல இதையே போட்டுடு."

"இது எங்க பாப்பா புதுநன்மைக்குப் போட்டது மாஸ்டர்."

"யாருக்குப் போட்டா இன்னா? நல்லா கீதுல்ல, வாசி."

அத்தை என்னைப் பார்த்தாள். கூடாது என்று நான் பலமாகத் தலையாட்டினேன். அவள் குனிந்து கீபோர்டின் வயரைச் சரிசெய்தாள். வயர் சரியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். புகை மிஷினை ஓடவிட்டார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, இப்போது வரப்போவது இந்த ஜோடிக்காகவே தாம் இராப்பகலாக உட்கார்ந்து போட்ட மெட்டு என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. பத்து வயதில் வருகிற கோபம் முழுசாக வரும், அதில் யோசனை என்ற கலப்படமே இருக்காது. அத்தை ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கட்டைகளின் மேல் கையைத் தூக்கி, அவர் ஜாடைக்காகக் காத்திருந்தாள். நான் கையை நீட்டிப் பிளஸ் பட்டனை நாலு முறை அமுக்கினேன்.

ஜாடை வந்தது. எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள். பேஸ் கிடார் வாசித்த அண்ணன் ஒரு சுருதியில், அத்தை அதற்கு நாலு படி மேலே இன்னொரு சுருதியில். வாளியைத் தரையில் இழுத்ததுபோல ஒரு சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மொய்க் கவரோடு வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கீபோர்டை யாராவது கவனித்தார்கள் என்றால் அந்த ஒரு நிமிஷம்தான். அதுவும் என்னால்.

அத்தை முழங்கையால் இடித்தாள். நாலு இடி, வேகமாக. நான் இரண்டு பட்டன்களையும் உள்ளங்கையைக் குவித்து மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை பேர் எதிரில் என் கையைப் பிடித்துத் தள்ள முடியாது. அவளுடைய இரண்டு கைகளும் கட்டைகளை விட்டு மேலே எழுந்தன. பிறகு, அவள் வழக்கமாக வாசிக்கிற வெள்ளைக் கட்டைகளை விட்டுத் தள்ளி, கறுப்புக் கட்டைகளின் நடுவில் போய் இறங்கின. சுருதி சேர்ந்துவிட்டது.

சேர்ந்தது என்றால் ஒழுங்காகச் சேரவில்லை. பழக்கமில்லாத இடம் என்பதால் விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. அவள் அதைத் திருத்தாமல் மறுபடியும் வேண்டுமென்றே அங்கேயே விழுந்தாள். என் மெட்டு எங்கோ சந்துக்குள் போய் வேறு பக்கமாக வெளியே வந்தது. பேஸ் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார், அவள் பின்னாலேயே போனார். அதற்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது. பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி அவள் அரை நொடியில் சரிசெய்துகொள்ளலாம். அவள் பட்டனைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள். சரிசெய்யவில்லை.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறி சோபாவில் உட்கார்ந்தாயிற்று. மாஸ்டர் போதும் போதும் என்று கையைக் காட்டினார். அத்தை அந்தப் பக்கமே திரும்பவில்லை. கண்ணை மூடியிருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு. என் மெட்டைத் திருடியவனுக்காக, கெடுக்கப் பார்த்த என்னையும் மீறி, இவ்வளவு பாடுபட்டு வாசித்து, அதற்குச் சிரிப்பு வேறா என்று எனக்கு அழுகையே வந்தது.

முடிந்ததும் மாஸ்டர் வந்தார்.

"இன்னாமா வாசிச்சிக்கினு கீற நீ? மாப்ள ஊட்டுக்காரங்க மூஞ்சப் பாத்தியா? நீ கெளம்பு. மிச்சத்த டிராக் போட்டு ஓட்டிக்கிறேன். திங்கக்கெழமையும் வேணாம்."

நான் எழுந்து நின்று, அது எங்கள் அத்தை போட்ட மெட்டு என்று அவரிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளி, "ஐஸ்கிரீம் சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டார். அந்தக் கிள்ளலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் இன்றைக்கும் அந்த மெட்டைத் தன்னுடையது என்றே சொல்லித் திரிவதாகக் கேள்வி. அதையும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவரைவிட அத்தை மேல்தான் ஆத்திரம். "சாரி மாஸ்டர்" என்றாள். திருடியவனிடம் போய் சாரி.

ஆட்டோவில் கீபோர்டு எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது. லஸ் முனையில் சிக்னலுக்காக நின்றோம். ஏன் பேசாமல் இருந்தாய், அது என் மெட்டு இல்லையா என்று கேட்டேன். அவள் கீபோர்டு உறையின் மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன வாட்டி அமுக்குன?"

அப்பாவிடம் சொல்வதற்குத்தான் கணக்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முறை என்றேன்.

"நாலு," என்றாள், உறையைப் பார்த்தபடியே.

மறுநாள் காலை பூசைக்கு முன்பே ஃபாதரிடம் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபத்தில் பட்டனை நாலு முறை அமுக்கிவிட்டேன் என்றேன். ஃபாதர் என்ன நினைத்துக்கொண்டாரோ, லிஃப்டில் விளையாடக் கூடாது என்று சொல்லி மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பாட்டே உச்சிப் பாட்டு. மைனஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தேன். இடி வரவில்லை. ஆனாலும் ஆன்ட்டிகள் சிரமமில்லாமல் பாடினார்கள். அத்தை விரல்களையே இறக்கி வாசித்திருக்கிறாள். எனக்கு அப்போது அது தெரியவில்லை. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டாள் என்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் கூடத்தில் கீபோர்டைப் போட்டு, இடது பக்கம் ஒரு நாற்காலியையும் போட்டு என்னைக் கூப்பிட்டாள். பேஸ் அண்ணன் என் மெட்டுக்கு வாசித்துப் பதிவுசெய்து அனுப்பியது அவள் போனில் இருந்தது. அதை ஓடவிட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அமுக்கு. பிளஸ்ஸோ மைனஸோ, எத்தன வாட்டி வேணாலும். என்கிட்ட மட்டும் சொல்லாத."

முழங்கையால் இடித்தாள். பயந்துகொண்டே மூன்று முறை அமுக்கினேன். நேற்றுக் கேட்ட அதே கர்ணகொடூரம். அவள் கைகள் தடுமாறி, தேடி, ஒரு இடத்தில் இறங்கின. மெட்டு கிடைத்தது, ஆனால் அதே மெட்டு இல்லை. மறுபடி இடித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஸ்டுடியோவுக்கென்று எடுத்துவைத்த புடவை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. அதைப் பார்த்தபோது, இப்படி உட்கார்ந்து பட்டன் அமுக்குகிற தண்டனை நியாயம்தான் என்று எனக்கே பட்டது. ஊரிலிருந்து வந்த அப்பாவிடம் அத்தை நான் செய்ததைச் சொல்லவில்லை. மாஸ்டர் இனிக் கூப்பிட மாட்டார் என்பதை மட்டும் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் கத்தினார். அன்று சாயங்காலமும் நாற்காலி போட்டிருந்தது. அதற்கடுத்த நாளும். பட்டினப்பாக்கத்துப் பிள்ளைகள் மணலில் விளையாடக் கூப்பிட்டுவிட்டு, நான் வராததால் திரும்பிப் போவார்கள். நான் பரீட்சை லீவுவரை, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுவதைப் போல, தினமும் பட்டன் அமுக்கினேன். பேஸ் அண்ணன் நேரில் வர ஆரம்பித்தது அப்போதுதான். அவர்கள் இருவரும் அடையாற்றில் ஒரு காபிக் கடையின் மாடியில் முதன்முதலாக வாசித்ததும், அத்தையை மற்றவர்கள் தேடி வரத் தொடங்கியதும் அதற்குப் பிறகு. பத்திரிகைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? தப்பு செய்தவள் நான், தண்டனை எனக்கு, அது சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் கை தடுமாறி, வேர்த்து, தப்பாக விழுந்து, மறுபடி என்னை இடித்துக்கொண்டு, அத்தை எதற்காக என் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தத் தண்டனையை என்னோடு சேர்ந்து அனுபவிக்கிறாள், அதுவும் அப்படிச் சிரித்துக்கொண்டே, என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.