தையல் வேண்டாம் என்ற அக்கா

பிரியாணி ஆறிப்போனால் எனக்கு இன்றும் கோபம் வரும். லிங்கராஜபுரத்தில் நாங்கள் வளர்ந்த பெண்பிள்ளைகள் விடுதியில் நான் ஒருநாளும் அதைச் சூடாகச் சாப்பிட்டதில்லை. சர்ச்சில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் குடும்பத்தோடு வந்து எங்களுக்கு விருந்து போடுவார்கள். தட்டில் விழுந்த பிறகும் கை வைக்கக் கூடாது. பிறந்தநாள் பாட்டு, ஜெபம், போட்டோ, கடைசியில் எங்களில் ஒருத்தி மைக்கில் நன்றி சொல்ல வேண்டும். அதற்குள் தட்டின் ஓரத்தில் நெய் உறைந்துவிடும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பசி மட்டும் பொறுமையாகக் காத்திருக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

பத்தாவது முடித்தவள்தான் அந்த வருடம் நன்றி சொல்வாள். வசனம் வார்டன் ஆன்ட்டியுடையது: "பத்தாவது பாஸ் பண்ணிட்டேன், தையல் கத்துக்கப் போறேன், எல்லாருக்கும் தேங்க்ஸ்." வருடா வருடம் பெண் மாறுவாள், தையல் மாறாது. ஆன்ட்டி கெட்டவர் இல்லை. மேல்படிப்பெல்லாம் அப்பா அம்மா உள்ள பிள்ளைகளுக்கு என்று மனதார நம்பினார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

அக்காவின் முறை வந்தது. உறவில் அக்கா இல்லை. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே, பக்கத்துக் கட்டில். கட்டட வேலைக்கு வந்த பெற்றோர் இருவரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள். பத்தாவதுக்கு மேல் இரண்டு வருடம், பியூசியில் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று ஆன்ட்டியிடம் பலமுறை கேட்டு, "ஆசைக்கும் ஒரு அளவு இருக்குடி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியிருந்தாள்.

அன்று மைக்கைப் பிடித்து, "பத்தாவது பாஸ் பண்ணிட்டேன்" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். பிறகு ஆன்ட்டி பக்கமே திரும்பாமல், விருந்து போட்டவரைப் பார்த்து, "எனக்கு தையல் வேணாம் அங்கிள். பியூசி சயின்ஸ் படிக்கணும். கவர்மென்ட் காலேஜ் போதும். ஆன்ட்டி சேத்துவிடுவாங்க. எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்றாள். வந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். ஆன்ட்டியும் தட்ட வேண்டியதாயிற்று.

விருந்தாளிகள் போனதும் செம திட்டு. ஒரு வாரம் அண்டா கழுவும் தண்டனை. "நன்றி கெட்டவளே" என்று ஆன்ட்டி கத்தியபோது, அக்கா அண்டாவைத் தேய்த்தபடியே, "நன்றியும்தான சொன்னேன் ஆன்ட்டி" என்றாள். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடினோம். ஆனால் பேச்சு சர்ச் முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆன்ட்டியை நிறுத்தி, "சயின்ஸ் கேட்ட பொண்ணு காலேஜ் சேந்தாச்சா?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். எத்தனை பேரிடம் மழுப்புவது? கடைசியில் ஆன்ட்டியே அவளைக் காலேஜுக்கு அழைத்துப் போனார்.

இன்று அக்கா ஹெப்பகோடியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். "அநாதைப் புள்ள, பாவம், எவ்ளோ முன்னுக்கு வந்துட்டா" என்று யாராவது உருகினால் அவளுக்குப் பிடிக்காது. "பாவம்னு யாரும் படிக்க வெக்கல. கேட்டேன், படிச்சேன்" என்பாள். எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும்.

அக்கா காலேஜ் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து நானும் பத்தாவது முடித்தேன். அடுத்த பிறந்தநாள் விருந்துக்கு முந்தின நாள் ஆன்ட்டி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வசனம் சொல்லித்தரப் போகிறார் என்று சண்டைக்குத் தயாராகவே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார்.

"நீ என்ன படிக்கணும்? இங்கேயே சொல்லித் தொலைடி."