சிரிப்பு நடிகரைப் பேசவைத்தேன்

போன வருடம் ஓணம் சமயம். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு மலையாளி நர்ஸ். கோயம்புத்தூரில் படித்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். அவர்களுடைய சங்கத்து ஓணம் விழாவுக்குக் கேரளாவிலிருந்து ஒரு நகைச்சுவை நடிகரை வரவழைத்திருந்தார்கள். இப்படி வருகிறவர்களை ஹோட்டலில் விடுவதில்லை, யாராவது ஒருவர் வீட்டில்தான் தங்கவைப்பார்கள். தன் வீட்டில் மாமனார் மாமியார் வந்திருப்பதால், இரண்டு இரவு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா அக்கா என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நடிகர் குடிகார மச்சானாக வரும் டிவி தொடரை, சப்டைட்டில் வைத்து ஒரு நாள் விடாமல் பார்த்தவள் நான். வெள்ளிக்கிழமை அவரைக் கொண்டுவந்து விட்டபோது, நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். தொண்டையில் ஆபரேஷன் நடந்து, பல மாதமாக அவருக்கு வேலை இல்லையாம். தொடரிலும் அவர் பாத்திரத்தை முடித்துவிட்டார்களாம். நாளை மாலை மேடையில் குரல் தாங்கினால், மற்ற ஊர்களில் நடக்கப்போகும் நிகழ்ச்சிகளும் அவருக்குத்தான். அதுவரை அவரைப் பேச வைக்காதீர்கள் என்றார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

ஆட்டினேனே தவிர, உள்ளே எதுவும் ஏறவில்லை. அதற்கு முன்பே குட்மேய்ஸ், டூட்டிங் என்று லண்டனில் அங்கங்கே இருக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, சனி மதியம் சாப்பிட வாருங்கள், குடிகார மச்சானை நேரில் பார்க்கலாம் என்று அளந்துவிட்டிருந்தேன். எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குப் பாட்டுக்காரர் வந்தால், சாப்பாடு முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடாமல் எழும்ப விடமாட்டோம். நடிகர் என்றால் நடித்தே ஆகவேண்டும். இரண்டு வசனம் பேசினால் தொண்டை என்ன கழன்றா விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனி மதியம் கூடம் நிறைய ஆட்கள். அவர் கீழே வந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார், சிரித்தார், கஞ்சி குடித்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு வசனம் சொல்லுங்கோ என்று கேட்டவர்களிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் முகத்தில் கரி பூசியது போல் ஆகிவிட்டது. குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"டிவியிலதான் சிரிப்புக்காரன். வீட்டுக்கு வந்தா பெரிய ஆள் எண்ட நினைப்பு. இவ்வளவு சமைச்சுப் போட்டும் ஒரு வார்த்தை கதைக்க ஏலாதாமோ?"

மெல்லக் கதையும், அவருக்குக் கேட்கப்போகுது என்றார் கணவர். கேட்டால் என்ன, எங்கட தமிழ் அவருக்கு எங்கே விளங்கப்போகுது என்றேன். திரும்பினால், கஞ்சிக் கிண்ணத்தோடு கதவடியில் அவர் நிற்கிறார். சினிமாவுக்கு வந்த புதிதில் அவர் பல வருடம் சென்னையில் இருந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்தார். கூடத்துக்குப் போய் வேட்டியை மடித்துக் கட்டினார். அதே தள்ளாட்டம், அதே கத்தல், மனைவியிடம் மாட்டிக்கொண்டு உளறும் அதே உளறல். அரை மணி நேரம் ஆடித் தீர்த்துவிட்டார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போதும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாலை மேடையில் முதல் வசனம் பாதியிலேயே குரல் போய்விட்டது. மைக்கில் வெறும் காற்று. அதையும் நடிப்பென்று நினைத்துச் சனம் சிரித்தது. அடுத்த வசனத்துக்கும் காற்றுதான் வந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது. அதே விழாவுக்குக் கேரளாவிலிருந்து வந்து வேறொரு வீட்டில் தங்கியிருந்த மிமிக்ரி கலைஞர், பல வருடமாக இவரைப் போலப் பேசியே மேடைகளில் பெயர் வாங்கியவர், அங்கே நின்று பேசினார். தன் குரலை இன்னொருவர் பேச, அதற்கு வாயசைத்து ஆடி முடித்தார் அந்த மனிதர். மண்டபமே அதிர்ந்தது. எனக்குக் கை தட்ட வரவில்லை.

மற்ற ஊர்களுக்கு அந்த மிமிக்ரி கலைஞரையே அழைத்துப்போவதாக முடிவாகிவிட்டது. மறுநாள் காலை இவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக நர்ஸ் வந்தார். வீட்டில் நிறையப் பேசினாரா அக்கா என்று என்னிடம் கேட்டார். நான் குனிந்து நடிகரின் பெட்டியைத் தூக்கினேன். அவர்தான் கிசுகிசுப்பான குரலில், தெளிவான தமிழில் பதில் சொன்னார்.

"இல்லம்மா. இவங்க என்னைப் பேசவே விடல. அவ்வளவு நல்லா பாத்துக்கிட்டாங்க."

நர்ஸ் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டேன். வீட்டில் பேசாமல் இருந்தும் குரல் போய்விட்டதால், அவர் தொண்டை இனி மேடைக்கு உதவாது என்று சங்கத்தார் நினைத்துவிட்டார்கள். மதியம் அவரை அரை மணி நேரம் கத்த வைத்தது நான்தான் என்று அந்த வாசலில் சொல்லியிருந்தால், இன்னொரு மேடையாவது அவருக்குக் கிடைத்திருக்கும். அவரைப் பேச வைத்ததைக்கூட அறியாமை என்று மன்னித்துக்கொள்ளப் பார்க்கிறேன், ஆனால் என் மானத்தைக் காப்பாற்ற அவர் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்தபோது பேசாமல் நின்றேனே, அதற்கு எனக்கு மன்னிப்பே இல்லை.