சுந்தரி அனுப்பிய நூற்று நாற்பத்தெட்டு

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, சிட்லபாக்கத்தில் வீட்டின் முன்னறையிலேயே ரத்தப் பரிசோதனை லேப் தொடங்கியவர் திரிபுரசுந்தரி. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டாக்டர் கஸ்தூரிரங்கன் அனுப்புகிறவர்கள். அவர் நிறுத்திவிட்டால் லேபை மூட வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை தபாலில் ஒரு குப்பி வரும். வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்று, பல லேப்களுக்கும் ஒரே சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, தூளாக்கி அனுப்பும். கரைத்து, சோதித்து, கிடைத்த அளவை எழுதி அனுப்ப வேண்டும். யார் எவ்வளவு தள்ளிப் போகிறார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

தாம்பரம் வட்டாரத்தில் இதற்கொரு வழக்கம் இருந்தது. குப்பி வந்ததும் லேப்காரர்கள் தங்களுக்குள் விசாரித்து, ஏறக்குறைய ஒரே எண்ணை எழுதிவிடுவார்கள். எல்லோரும் பாஸ்.

1993 கோடையில், தாம்பரத்தில் லேப் வைத்திருந்த சிட்டிபாபு மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னாம்மா சுந்தரி, சுகர் உனுக்கு எவ்ளோ வந்துச்சு?"

"நூத்தி நாப்பத்தெட்டு அண்ணா."

"ஐயே! எங்களுக்கெல்லாம் நூத்தி இருவத்தஞ்சு, இருவத்தாறு. நீயும் அத்தையே போட்டுடு. இன்னாத்துக்கு பேஜாரு?"

"உங்க லேப்ல வந்ததை நான் எப்படிண்ணா போடறது?"

"பரீட்சைல பிட்டே அடிக்காத மாரி பேசறியே!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வந்த ரத்தங்களோடு வரிசையில் வைத்துத்தான் குப்பியையும் பார்த்திருந்தார். குப்பிக்குக் கூடுதல் என்றால் ரத்தம் கொடுத்தவர்களுக்கும் கூடுதல்.

காரணம் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஸ்டாண்டர்டு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். எவ்வளவு சர்க்கரை என்று முன்பே தெரிந்த கரைசல் அது. அதை வைத்துத்தான் மற்றவற்றைக் கணக்கிடுவது. லேசாகக் கலங்கியிருந்தது. அந்த வாரம் முழுக்க மின்வெட்டு. ஃப்ரிட்ஜ் பேருக்குத்தான் ஃப்ரிட்ஜ். கிருமி சேர்ந்து அதிலிருந்த சர்க்கரையைத் தின்றிருக்கிறது. அளவுகோல் சுருங்க, எல்லோர் ரத்தத்திலும் சர்க்கரை ஏறிவிட்டது. புதுப் பாட்டிலைத் திறந்து குப்பியை மறுபடி பார்த்தார்: நூற்று இருபத்தேழு.

அதையே எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் ஜனங்கள் வாங்கிப்போன ரிப்போர்ட் நூற்று நாற்பத்தெட்டின் ஜாதி. அந்தப் பழைய எண்ணையே எழுதித் தபாலில் போட்டுவிட்டு, நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்.

"இந்த வாரம் நான் குடுத்த சுகர் ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்க டாக்டர். எல்லாரையும் திரும்ப டெஸ்ட் பண்றேன். சார்ஜ் கிடையாது."

கஸ்தூரிரங்கன் பேனாவை மூடினார். "அதை நம்பி ரெண்டு பேருக்கு மாத்திரை குடுத்திருக்கேன்."

"அவங்க வீட்டுக்குத்தான் மொதல்ல போறேன்."

"போங்கோ." மணியடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இருவரில் ஒருவர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்த ரிடையர்டு அதிகாரி தோத்தாத்ரி. புது ரிப்போர்ட்டில் சர்க்கரை சரியாகவே இருந்தது. மாத்திரையை டாக்டர் நிறுத்தினார்.

"வாரம் பூரா சக்கரை இல்லாத காப்பி குடிச்சேனேம்மா! அது காப்பியா? கஷாயம்!" என்று வாசல்வரை வந்து திட்டினார் தோத்தாத்ரி.

அடுத்த சில நாட்கள் டாக்டரிடமிருந்து ஒருவரும் வரவில்லை. கல்லூரியிலிருந்து முடிவு வந்தது: ஃபெயில். சுந்தரி அதையும் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, லேப் வாசலில் அதே தோத்தாத்ரி.

"கொலஸ்ட்ரால் பாக்கணுமாம். ஸ்டேஷன் பக்கத்து லேப்லயே குடுத்துடட்டுமான்னு டாக்டரைக் கேட்டேன். 'அங்கெல்லாம் தப்பே வர்றதில்ல, அதான் பயமா இருக்கு. சுந்தரிகிட்டயே போங்கோ'ன்னுட்டார்."

"உக்காருங்க மாமா," என்றார் சுந்தரி. "காப்பி குடிச்சுட்டு வரலியே?"