நாகமலைக் கதையின் முடிவு

பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். சிறுவர்களுக்குக் கதை எழுதி, அதற்குப் படமும் நானே வரைகிறவள் என்பதால் வருஷத்துக்கு நாலைந்து அழைப்பாவது வரும். "இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு எப்படி வருது?" என்று பிள்ளைகளில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நானும் தயாராக வைத்திருக்கும் பதிலை எடுத்துவிடுவேன். "எங்கப்பா சொன்னது. சைக்கிள்ல முன்னாடி உட்கார வச்சுக்கிட்டுச் சொல்லிக்கிட்டே போவார்." டீச்சர்கள் உருகிப் போவார்கள்.

என் சின்ன வயதில் நாங்கள் பழங்காநத்தத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் இன்றும் அதே வீட்டில்தான். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. ஊருக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்துப் பக்கம், எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு பம்புசெட்டும் இருந்தன. மோட்டாருக்கான கரண்டு சாயங்காலம்தான் வரும். அப்பா ஆபீஸ் விட்டு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பார். முன்கம்பியில் மாட்டிய சின்ன சீட்டில் நான். மோட்டாரைப் போட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்புவோம்.

அந்த வழி எனக்கு மனப்பாடம். கண்மாய்க்கரையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும். ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடும். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் பூச்சிகள் கிளம்பிவிடும். ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொள்ள வேண்டுமென்று சைக்கிளை நிறுத்தச் சொல்லி அழுவேன். இத்தனைக்கும் பின்னால் நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். பாம்புதான் மலையாகிவிட்டது என்பது மதுரையில் எல்லாரும் சொல்வது. எங்கள் சைக்கிள் கதையில் அந்தப் பாம்பு பொழுது சாய்ந்ததும் எழுந்து கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க வரும். நீர்க்காகங்கள் அதற்கு மந்திரிகள். புளியமரத்து முனி அதற்கு மாப்பிள்ளை முறை. வெல்வெட் பூச்சிகள், ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் ஓர் இளவரசியின் பட்டுப்பாவாடையிலிருந்து உதிர்ந்தவை.

இந்த வருஷம் அதைப் புத்தகமாக்க உட்கார்ந்தேன். இப்போது நான் திருநகரில் குடியிருக்கிறேன். மாடி அறை முழுக்கக் காகிதமும் கலருமாக இறைந்து கிடந்தது. அதற்கு முன் நீண்ட நாட்களாக ஒன்றுமே எழுத வரவில்லை. எதை எடுத்தாலும் நாலு வரியில் சலித்துவிடும். பாம்புக் கதையாவது வந்ததே என்று சந்தோஷப்பட்டால், பாம்பு கண்மாய்க்கரைக்கு வரும் இடத்தோடு அது நின்றுவிட்டது. கரையில் ஒரு சிறுமி அதைப் பார்க்கிறாள். அப்புறம்? கடைசி இரண்டு பக்கங்களும் வெறுமையாகவே கிடந்தன. ஒரு முடிவில் சிறுமி பாம்பின் மேல் ஏறி ஊர்வலம் போனாள். இன்னொன்றில் கண்மாய் வற்றிப் பாம்பு அழுதது. பதிப்பகத்துப் பெண் போனில் "நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று இழுத்தார். அந்த இழுப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இதுவும் கைவிட்டால் இனி எதுவும் வராது என்ற பயம் பிடித்துக்கொண்டது. முதல் பக்கத்தில் 'என் அப்பா சொன்ன கதை' என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். சொன்னவரிடமே முடிவைக் கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்துக்குக் கிளம்பினேன்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாகமலைப் பாம்பு கண்மாய்க்குத் தண்ணி குடிக்க வருமே, அந்தக் கதை கடைசியில என்னாகும்?"

"எந்தக் கதை?"

"சைக்கிள்ல போறப்ப நீங்க சொல்லுவீங்கல்ல."

"நான் எங்க சொன்னேன் பாப்பா? நீயில்ல சொல்லிக்கிட்டு வருவ."

அடுப்படியில் அம்மா சிரித்தாள். "இவரா? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு இருக்கற மனுசன். கதை சொன்னாராம்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மந்திரிகள், முனி, இளவரசி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அப்பா அசரவில்லை.

"வாடகைப் புத்தகக் கடையில இருந்து மந்திரவாதி கதையாத் தூக்கிட்டு வந்து படிப்ப. படிச்சதையும் வழியில பாத்ததையும் ஒண்ணாக் கலந்து அடிச்சு விடுவ. எனக்கு ராசா கதை ஒண்ணுகூடத் தெரியாது பாப்பா. நான் 'ம்' கொட்டுவேன். அம்புட்டுத்தான்."

பெருமைப்பட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. அதிகம் பேசாத இந்த மனிதருக்குள் எனக்காக மட்டும் கதை பேசிய ஒருவர் இருந்தார் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அப்படி ஓர் ஆளே இல்லை என்றால் நான் எங்கிருந்து வந்தேன்? முடிவை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

"கேக்கவாவது செஞ்சீங்களா, இல்ல சும்மா 'ம்' போட்டீங்களா?" என்றேன். சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தது என் குரல்.

அப்பா கையிலிருந்த காயைத் தட்டில் வைத்தார். "உங்க பெரியப்பா எப்படிச் செத்தாருன்னு தெரியும்ல?"

"பாம்பு கடிச்சு." நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"நம்ம மோட்டார் ரூம்லதான். ஸ்விட்சைப் போடக் கையை நீட்டியிருக்காரு. பலகைக்குப் பின்னாடி கெடந்திருக்கு. அதுக்கப்புறம் வயலைப் பாக்க என்னைய விட்டா ஆளில்ல. எனக்கு விவசாயமும் தெரியாது, தைரியமும் கெடையாது. அந்தக் கதவைத் தொறக்குறப்ப கை கிடுகிடுன்னு ஆடும். உங்கம்மாட்டகூடச் சொன்னதில்ல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"நீ கதை பேச ஆரம்பிச்ச பெறகு உன்னையக் கூட்டிட்டுப் போனேன். வெளிய தண்ணித் தொட்டிச் சுவர் மேல ஏத்தி உக்கார வச்சுருவேன். பாம்பு இன்னைக்கு என்ன செஞ்சுச்சுன்னு நீ அங்கிட்டிருந்து கத்திச் சொல்லிக்கிட்டே இருப்ப. உன் பாம்பு யாரையும் கடிக்காது. தண்ணியக் குடிச்சுட்டு அது பாட்டுக்குப் போயிரும். நான் உள்ள 'ம்', 'ம்'முன்னுக்கிட்டே ஸ்விட்சைப் போட்டுட்டு வந்துருவேன். கேக்காம எப்படிப் போட முடியும்?"

அம்மா வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து மிச்சக் காய்க்கு நார் உரிக்கத் தொடங்கினாள்.

நானும் ஒரு காயை எடுத்து உரித்துக்கொண்டே, "முடிவு?" என்றேன்.

"முடிவுன்னு நீ ஒண்ணும் சொன்னதில்லத்தா. தண்ணி கொட்ட ஆரம்பிச்சதும் கதையை விட்டுருவ. கையை நீட்டி நனைக்கப் போயிருவ."

திருநகருக்குத் திரும்பியதும் முதல் பக்கத்து வரியை அடித்து நீக்கினேன். அந்த வாரமே கடைசி இரண்டு பக்கங்களும் வந்துவிட்டன. பாம்பு குனிந்து தண்ணீர் குடிக்கிறது. கரையில் சிறுமி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். பயந்து நடுங்குவது அந்த ஆள்தான். பாம்பு இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, யாரையும் ஒன்றும் செய்யாமல், மலைக்குத் திரும்பிப் போகிறது.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"நல்லாருக்கு பாப்பா," என்றார். பிறகு அந்த ஆளின் மேல் விரலை வைத்தார். "இவன்தான் கொஞ்சம் கூடுதல் தைரியமா நிக்கிறான்."

அந்த ஆளை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.