புதுச்சத்திரம் தாண்டினால் அமுங்கும் கிளட்ச்

பேய்க்கதை என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில். நடந்தது என் கூட்டாளி எழிலனுக்கு. அவன் கப்சா விடுகிற ஆள் இல்லை. வாய் கூசாமல் பொய் சொல்லத் தெரிந்திருந்தால், அந்த மருந்து விற்கிற வேலையில் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பான். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருங்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை.

எழிலனுக்குக் கடலூர் முதுநகரில் வீடு. கல்யாணமாகி எட்டு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, அப்புறம்தான் அவன் மனைவி வினோதினி முழுகாமல் இருந்தாள். ஐந்தாவது மாதம். டாக்டர் இருப்பது சிதம்பரத்தில். பஸ் டீசல் வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். அதற்காகவே புரோக்கர் ஒருவர் மூலம் பழைய பைக் ஒன்றை வாங்கினான். வண்டிக்கு வயசாகியிருந்தாலும் சீட் நல்ல நீளம். மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் அவளுக்கு அலுங்காது என்று கணக்குப் போட்டான்.

முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தான். ஆலப்பாக்கம் வரை வெண்ணெயாகப் போனது. புதுச்சத்திரம் தாண்டியதும்... ஊஊஊம் என்று இன்ஜின் அலறியது. சத்தம்தான் ஏறியது, வேகம் இறங்கியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு உரசினாற்போலப் போனது. கொஞ்ச தூரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

"பிளேட்டு தேஞ்சிருக்கு மச்சான்" என்றான் மெக்கானிக் மணவாளன். கிளட்ச் பிளேட் முழு செட்டையும் மாற்றினான்.

மறுபடி போனான். அதே இடம். ஊஊஊம்...

கேபிளை மாற்றினார்கள். அதே இடம். ஊஊஊம்...

மணவாளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே எடுத்துக்கொண்டு ஊருக்குள் நாலு தெரு சுற்றினான். ஒரு குறையும் இல்லை.

"வண்டில ஒண்ணும் இல்ல மச்சான். ஒன் கையிலதான் கோளாறு. ஒனக்கே தெரியாம கிளச்ச அமுக்குற."

"போடா, நான் எங்க அமுக்குறேன்?"

"அப்ப ஒண்ணு பண்ணு. பிளேட்டு வழுக்குனா லீவரு வெளியவேதான் நிக்கும். அடுத்த தடவ சத்தம் வரும்போது கைய எடுத்துட்டு லீவர பாரு. வெளிய நின்னா என் வேலையில தப்பு. அமுக்குறது நீயா இருந்தா, கைய எடுத்ததும் சத்தமே நின்னுடும்."

எழிலனுக்கு அப்பாடா என்று இருந்தது. கைப்பழக்கம்தானே? திருத்திக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் வினோதினியை ஸ்கேனுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அந்த ஒரு தைரியத்தை நினைத்து இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

நல்ல உச்சிப் பொழுது. செம்மங்குப்பம் வரும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, கொஞ்சம் முன்ன தள்ளி ஒக்காருங்க."

"டேங்க் மேலயே ஏறி ஒக்காந்திருக்கேன்."

"எனக்கு எடமே இல்லங்க."

"மகராணி வெயிட்டு ஜாஸ்தி ஆயிட்டீங்க" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வெளையாடாதீங்க. சீட்டு ஓரத்துல தொங்கிகிட்டு வரேன்."

"பயமா இருந்தா என் தோள புடிச்சுக்க."

"புடிச்சுகிட்டுதான் இருக்கேன்."

எழிலன் ஓரக்கண்ணால் தோளைப் பார்த்தான்.

அவன் தோளில்... எந்தக் கையும் இல்லை.

ஓரங்கட்டலாம் என்று நினைப்பதற்குள் புதுச்சத்திரம் வந்து போய்விட்டது.

ஊஊஊம்...

வெடுக்கென்று இடது கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான். சத்தம் நிற்கவில்லை.

லீவரைப் பார்த்தான்.

உள்ளே அமுங்கி இருந்தது.

கைப்பிடியோடு ஒட்டி... கடைசி வரைக்கும்.

"என்னங்க... வழுக்குறேன்... யாரோ தள்ளுற மாதிரி..."

பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது.

இடது கையைப் பின்னால் வீசி அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்தான். அவள் பாதி கீழே சரிந்திருந்தாள். லாரி ஒன்று காற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

அவளை மெதுவாக இறக்கி நிறுத்தினான்.

லீவர் அப்போதும் அமுங்கியே இருந்தது.

அப்புறம்... மெல்ல... விட்டது.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

லீவரைத் தொட்டுப் பார்த்தான். வெயிலில் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. யாரோ இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்தாற்போல... வியர்வை.

பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்கள். ஸ்கேனில் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டபோது எழிலன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து தேம்பி அழுதுவிட்டான்.

மறுநாள் காலையில் புரோக்கரை உலுக்கியதில், வண்டியை விற்றவர் பெயர் தெரிந்தது. சடையப்பன். அதே முதுநகர்தான். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கோபத்தோடு போனான்.

ஐம்பது வயசு இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மடியில் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கி ஓரமாக வைத்தார். வாதம் அடித்து முழுக்க விழுந்துவிட்ட கை. எழிலனுக்கு வந்த கோபம் மறந்துபோயிற்று.

"இந்தக் கையோட நீங்களா வண்டி ஓட்டுனீங்க? கிளச்ச எப்புடி புடிப்பீங்க?"

"தைலம்மா புடிப்பா. எங்க வூட்டுக்காரி. பின்னாடி ஒக்காந்து, எக்கி, கைய நீட்டி அமுக்குவா. நான் கியருல கால வச்சா போதும், அவளுக்குத் தெரிஞ்சிடும். இந்தக் கைக்கு வைத்தியம் பாக்கத்தான் சிதம்பரம் போவோம்."

"அவுங்க எங்க?"

"போன வருசம்... புதுச்சத்திரம் தாண்டி ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுது. வுழுந்துட்டா. தலையில அடி. அங்கயே போயிட்டா. நான் நிறுத்தலப்பா."

"ஏன்?"

"வுழுந்ததே தெரியாது. வெள்ளாத்துப் பாலம், ஸ்பீடு பிரேக்கரு, ஊருக்குள்ள அவ்ளோ நெரிசல்... எல்லாத்துலயும் கியர் மாத்திகிட்டுதான் போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தி, எறங்குடின்னேன். திரும்பிப் பாத்தா பின்னாடி யாரும் இல்ல."

எழிலன் அவருடைய விழுந்துபோன இடது கையைப் பார்த்தான்.

"அப்ப... அவுங்க வுழுந்ததுக்கு அப்புறம்... கிளச்சு?"

"அமுங்கிகிட்டேதான் வந்துச்சு."

"தெரிஞ்சேவா வித்தீங்க? என் பொண்டாட்டி மாசமா இருக்காய்யா!"

சடையப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"எத்தினியோ தடவ கெஞ்சிட்டேன்பா. அவ எறங்கவே மாட்டேங்குறா."