தேன்மொழி என்ற பேரில் வந்த காசு

கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்கும் வேலையில் ஒரே ஒரு வசதி, தூசி தட்ட வேண்டியதில்லை.

மாசாய் டவுனில் ஒரு கைப்பேசிக் கடை. முன்பக்கம் கேசிங், சார்ஜர், டாப் அப். பின்பக்க மேசையில் கிரிப்டோ காசு. எஸ்பிஎம் பரீட்சை எழுதியதும் படிப்பு போதும் என்று வந்துவிட்டேன். எனக்குப் பொறுமை இல்லை, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தால் பாசிர் கூடாங் கிடங்குகளில் நல்ல வேலை கிடைக்கும். அந்த வகுப்புக்குப் பணம் சேர்க்கத்தான் கவுண்டரில் நின்றேன். நீங்களும் எங்காவது கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தால் தெரியும், மதிய மழையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோட்டார், குடை, ஆட்கள் எல்லாமே மிதக்கும். நாமும் பாதி மிதப்போம். இதெல்லாம் அந்த மிதப்பில் நடந்தவை.

தூங்காத காசு

முத்தையா அண்ணன் ஆயர் ஈத்தாமிலிருந்து பூ ஜாடிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறவர். போகிற வழியில் எங்கள் கடையில் நிற்பார். ஐம்பது வெள்ளிப் பணம் போட்டுக் கிரிப்டோ காசு வாங்குவார். வாங்கிவிட்டுப் போகமாட்டார். என் திரையில் விலைக்கோடு பச்சையாக ஏறி, சிவப்பாக இறங்கி, திரும்ப ஏறுவதைக் கடலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நிற்பார். கடையில் வேறு சத்தம் இருக்காது. காற்றாடி மட்டும் சுற்றும். எனக்கே கண் சொக்கும்.

ஒருநாள் மெதுவாக, கோவிலில் பேசுவதுபோல் கேட்டார். “தங்கச்சி, நான் தூங்கும்போதும் இது ஓடுமா?” ஓடும், ராத்திரி பகல் கிடையாது, ஹரி ராயாவுக்கும் தீபாவளிக்கும்கூட லீவு கிடையாது என்றேன். லாரிச் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அலாமாக்! அப்ப நான் எதுக்கு லாரி ஓட்டறேன்?”

பேர் பொருந்தணும்

எங்கள் வியாபாரத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவர் பேங்கில் பணம் போடுவார், நாங்கள் அவர் கைப்பேசிக்குக் காசை அனுப்புவோம். அனுப்பிய காசு திரும்பி வராது, கூப்பிட்டாலும் வராது. அதனால் பணம் போட்டவர் பேரும் அடையாளக் கார்டில் உள்ள பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதா? நம் ஆட்களிடம் செய்து பாருங்கள். அக்கா கணக்கில் சம்பளம், மச்சான் கார்டில் பெட்ரோல், மருமகள் பேரில் மோட்டார். யார் பணம் யார் பேரில் தூங்குகிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது.

தெப்ராவ் தொழிற்சாலையில் வேலை செய்யும் கணேசன் அண்ணன் மனைவி கணக்கிலிருந்து பணம் போட்டார். முடியாது என்றேன். சிரித்தார். திரும்பவும் முடியாது என்றேன். முகம் சிவந்துவிட்டது. “வீடு அவ பேருல, காடி அவ பேருல, என் இன்சூரன்ஸ்கூட அவ பேருல. என் பேருல இருக்கறது போலீஸ் சம்மன் மட்டும்தான் லா!”

உதவி

ஒரு மலாய்க்கார அக்கா கேசிங் மாற்ற வந்தபோது பின்பக்க மேசையை எட்டிப் பார்த்து, இதற்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வேன். அவர் போனதும் பாஸிடம் கேட்டேன். பாஸ் நல்ல மனிதர், மதியம் என் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார். “காசு வாங்கி வச்சுக்கறது தப்பில்ல. கடை போட்டு விக்கறதுக்குத்தான் லைசன்ஸ் வேணும். அதனாலதான் நாம போர்டு வைக்கல” என்றார்.

அந்த வாரமே, தன் கணக்கில் ஒருநாளைக்கு இவ்வளவுதான் வரலாம் என்று பேங்க் தடுக்கிறது, உன் கணக்கில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். என் முதல் கணக்கு அது. ஃபோர்க்லிஃப்ட் பணம் அதில்தான் இருந்தது. சரி என்றேன், வீட்டில் எல்லோரும் செய்வதுதானே. அப்ப நாம் விற்கிறோமா இல்லையா என்று மட்டும் கேட்டேன். “விக்கலம்மா. உதவி பண்றோம்.”

மழையில் ஒரு அம்மா

குமார் என்ற வாடிக்கையாளர் கடைக்கு வந்ததே இல்லை. செய்தியில்தான் பேசுவார். வணக்கம் சிஸ்டர் என்று ரோஜாப்பூ படம் அனுப்புவார். எங்களிடம் வந்தவர்களிலேயே மரியாதையானவர் அவர்தான். ஒரு மதியம் பெரிய தொகைக்குக் காசு கேட்டார். பணம் என் கணக்குக்கு வந்தது. ஆனால் அனுப்பியவர் பேர் சரஸ்வதி.

யார் இது என்றேன். அம்மா என்றார். பொருந்தவில்லை, அனுப்பமாட்டேன் என்று பாஸிடம் சொன்னேன். பாஸ் செய்தியைப் படித்தார். அம்மாவுக்கு ஆபரேஷனாம், பாவம், அனுப்பு என்றார். வெளியே தெருவே கரைகிற மாதிரி மழை. நான் பொத்தானை அழுத்தினேன். காசு ஒரு சத்தமும் இல்லாமல் போனது, மீன் கையிலிருந்து வழுக்குகிற அளவுக்குக்கூட அசைவு இல்லை. உடனே பதில் வந்தது. “நன்றி சிஸ்டர். இனிமே நிம்மதியா தூங்குவேன்.”

கண்ணாடிக்கு உள்ளே

மறுவாரம் என் கார்டு வேலை செய்யவில்லை. கைப்பேசியில் பார்த்தால் பணம் இருக்கிறது. தொட்டால் நகரவில்லை. மீன்தொட்டி மாதிரி உள்ளே என் ஃபோர்க்லிஃப்ட் நீந்துகிறது, வெளியே நான் நிற்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் வகுப்பில் இடம் பிடிக்க அந்த வாரம்தான் கடைசி.

பேங்க் கவுண்டரில் இருந்த அதிகாரி அடையாளக் கார்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். போலீஸ் முடக்கச் சொல்லியிருக்கிறதாம். என் பணம் போய்விட்டதா என்றேன். மலாயில், தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் அமைதியாகச் சொன்னார். “பணம் எங்கேயும் போகல, டிக். உங்களைத்தான் போலீஸ் வரச் சொல்லுது.”

பாஸ் சொல்லிக்கொடுத்தது

போலீஸ் நிலையத்துக்குப் பாஸ்தான் காரில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டார், குடிக்க மைலோ வாங்கித் தந்தார். வாசலில் இன்ஜினை அணைக்காமல் சொன்னார். “கடைக்குச் சம்பந்தம் இல்ல, நானே தனியா வித்தேன்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, திட்டிட்டு விட்டுருவாங்க லா.”

பெஞ்சு

உள்ளே இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பாஸ் பேரைச் சொன்னேன், பின்பக்க மேசையைச் சொன்னேன், பேர் பொருந்தவில்லை என்று தெரிந்தே அனுப்பியதையும் சொன்னேன். செய்திகளைக் காட்டினேன். கணக்கை இரவல் கொடுப்பதே குற்றம், தெரியுமா என்றார். தெரியாது என்றேன். தெரியாது என்பது பதில் இல்லை என்றார். இப்போதைக்கு நான் சாட்சி. அரசாங்க வக்கீல் கோப்பைப் பார்த்து வேறு மாதிரி சொன்னால் குற்றவாளி. கேஸ் முடியும்வரை கணக்கு திறக்காது. அன்று சாயங்காலமே கடையிலிருந்து மடிக்கணினியும் கைப்பேசிகளும் போலீஸ் பெட்டியில் ஏறின.

இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வெளியே வந்தால், பெஞ்சில் ஒரு ஆண்ட்டி. கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கிளார்க். பேர் சரஸ்வதி. அவருக்குக் குமார் என்று மகனே இல்லை. காசில் போட்டால் இரண்டு மடங்காகும் என்று யாரோ ஒருத்தன் போனில் இனிக்கப் பேசி என் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறான். அவர் அனுப்பிய பணம் என்னிடம் வந்தது, நான் அனுப்பிய காசு அவனிடம் போனது. நான்தான் தேன்மொழி என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கணக்கில் இருக்கிற உங்கள் பணத்தை உங்களுக்கே கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கோர்ட் சொன்னதும் வரும் என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லோருடைய பேரையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஒருத்தர் என் பேரைச் சரிபார்த்திருக்கிறார். “அனுப்பறதுக்கு முன்னால பேரு பொருந்துதான்னு பார்த்தேம்மா. தேன்மொழின்னு வந்துச்சு. நம்ம வீட்டுப் புள்ளதானேன்னு அனுப்பிட்டேன்.”

---

இப்போது முத்தையா அண்ணன் சொல்லிச் சேர்த்துவிட்ட ஜாடிக் கடையில், சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கீழே போட்டால் சத்தம் கேட்கிற, யார் போட்டார்கள் என்று உடனே தெரிகிற பொருளை, தினமும் தூசி தட்டி விற்கிறேன்.