சாம்பல் சுவரில் ஏறிய காலை

வாசகர்களே, நீங்களே சாட்சியாக நின்று தீர்ப்பளியுங்கள். பேச்சுப் போட்டிகளில் கிண்ணங்கள் வென்றவன் நான். எனினும், எங்கள் ஊரான கீரியில் எல்லோரும் என்னோடு படித்த அன்ரனையே மெச்சினார்கள். சீமெந்தைக் குறைத்து, உமிச்சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த கற்களால் அவன் வீடு கட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. ஒருநாள், அன்று காலைதான் கட்டிய சுவரில் ஏறி, "இந்தச் சாம்பல் என்னைத் தாங்குமோ?" என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின்முன் முழங்கினேன். கற்களை ஒட்டிய சாந்தும் அதே கலவைதான், அது மெதுவாகவே இறுகும் என்பதை நான் அறியேன். கல் நழுவியது, மணற்குவியலில் விழுந்தேன். ஒரு முழம் தள்ளிக் கம்பிகள் நிமிர்ந்து நின்றன.

அன்ரன் முதலில் கல்லைத்தான் தூக்கிப் பார்த்தான். "கல்லு உடையேல்லை. பேச்சாளருக்கு எப்பிடி?"

கூட்டம் சிரித்தது.

இப்போதெல்லாம் எந்தச் சுவரைப் பற்றியும் வாதிடுமுன், அது எப்போது கட்டியது என்று கேட்கிறேன். ஆனால் அன்று மணலைத் தட்டியபடி நான் உரக்கக் கொடுத்த வாக்கு இதுதான்: "சுவர் இறுகுமட்டும் வாய் திறக்கமாட்டன். இறுகினாப் பிறகு வந்து திரும்பவும் ஏறுவன்."